மடியில் விட்டுப்போன கனம்

செம்மணல்விளைக்குப் போகிற பதிமூணு பி பேருந்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பேராச்சி தன்னுடைய கனத்தை மறந்து விட்டுவிட்டு இறங்கினாள். குடையை விடுகிறார்கள், டிபன் டப்பாவை விடுகிறார்கள், ஒருமுறை ஒரு கல்யாண வீட்டார் முகூர்த்தப் புடவையையே விட்டுவிட்டு இறங்கி, பின்னாலேயே ஆட்டோவில் துரத்தி வந்திருக்கிறார்கள். இருபது வருஷமாக அதே தடத்தில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் சிக்கந்தர், பின்னால் இந்தக் கதையைக் கேட்டபோது, "ஆளுங்க எதைத்தான் விட்டுட்டுப் போகல" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார்.

பேராச்சிக்கு முப்பது வயது. பகலில் ஆனைத்தேரி பஜாரில் ஒரு மருந்துக்கடையில் நிற்பாள். கச்சேரி வந்தால் பாலருவி மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பாள். கல்லூரியில் பெண்களுக்கென்று இசைக்குழு தொடங்கியபோது, பாடுவதற்குப் பதினாறு பேரும் ஆறு கம்பி கிட்டாருக்கு நான்கு பேரும் கை தூக்க, மூலையில் சாய்ந்து கிடந்த நாலு தடித்த கம்பிக்காரனுக்கு மட்டும் ஒரு கையும் உயராததைப் பார்த்து மனசு கேட்காமல் அதை எடுத்தவள், அதற்குப் பிறகு கீழே வைக்கவில்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிற ஜமுக்காளம் மாதிரிதான் பேஸ் என்று அவள் நினைத்துக்கொள்வாள். விரித்திருக்கும்வரை யாரும் அதைப் பார்ப்பதில்லை, உருவினால்தான் தெரியும். யாரும் பார்க்காத இடம் அவளுக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காதது எடை. வாத்தியம் நாலரைக் கிலோ, அதன் பெட்டி இரண்டு கிலோ, ஒலியைப் பெருக்குகிற ஆம்ப் இருபத்தாறு கிலோ. மூன்று மணி நேரக் கச்சேரியில் வார் இடது தோளை அறுக்க, பதினோரு வருஷத்தில் அந்தத் தோள் வலது தோளைவிட அரை அங்குலம் இறங்கிவிட்டது. தையற்காரி ஐரின் அக்கா அவளுக்கு ரவிக்கை தைக்கும்போது, கேட்காமலே ஒரு பக்கத்தைக் கூட்டி வெட்டுவாள். பழைய பள்ளிக்கூடப் பையின் பஞ்சுப் பட்டையைப் பிரித்து, நாலு விரல் அகலத்தில் அவளுக்கு வார் தைத்துக் கொடுத்ததும் ஐரின் அக்காதான். ஆம்புக்குச் சக்கரம் வைத்துப் பார்த்தாள், ஒரு பாட்டுக்கு உட்கார்ந்து ஒரு பாட்டுக்கு நின்று பார்த்தாள், தான் விற்கிற தைலங்களை எல்லாம் தானே தேய்த்துப் பார்த்தாள். டிபன் கேரியர் அளவில் இரண்டே கிலோவுக்கு ஆம்ப் வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, அதன் படத்தைக் கைபேசியில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடுவாள். எலும்பு டாக்டர், "இன்னும் ஒரு வருஷம் இப்படியே தூக்கினா இந்தக் கையால தலை பின்ன முடியாதும்மா" என்றார். அவள் தலை பின்னுவதை விட்டு ஏற்கனவே எட்டு மாதம் ஆகியிருந்தது, கூச்சத்தில் சொல்லவில்லை.

குழுவின் தலைவரும் கீபோர்டு வாசிப்பவருமான ஹென்றி துரைராஜ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"உன் கையைக் கெடுத்துத்தான் கச்சேரி நடக்கணும்னு இல்ல பேராச்சி," என்றார் ஒருநாள். "நம்ம ஆனைத்தேரிக் கோயில் ஆடிக் கொடை வரைக்கும் பாரு. முடியலேன்னா, கீபோர்டுல என் இடது கையை வச்சு பேஸைச் சமாளிச்சுக்கிடுதேன். நீ முன்வரிசையில உக்காந்து கேளு."

அவர் அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவள் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, திருநெல்வேலியில் ஒரு சடங்கு வீட்டுக் கச்சேரியை முடித்துவிட்டு, பேருந்தில் உட்கார இடமில்லாமல் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆம்பை எப்படியோ ஒரு இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டாள். பெட்டியோடு வாத்தியம் தோளில் தொங்க, வளைவுக்கு வளைவு அது யாருடைய தலையிலாவது போய் இடித்தது.

"ஏ பிள்ள, அந்த ஒட்டகத்தை இப்படிக் குடு," என்றாள், அந்த இருக்கையில் முருங்கைக்காய் விற்ற வெறும் சாக்கை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சுயம்புகனி.

"பரவால்லக்கா, கனமா இருக்கும்."

"இருந்துட்டுப் போவுது. மடி சும்மாதானே கெடக்கு. காலை, கீழ கெடக்குற இந்தப் பொட்டி மேல வச்சுக்கிடட்டா?"

"வச்சுக்கிடுங்க."

"அப்ப குடு. நான் வச்சுக்கிடுதேன்."

நின்றுகொண்டு வருகிறவர்களின் பைகளையும் பிள்ளைகளையும் உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது அந்தத் தடத்தில் மட்டுமா நடக்கிறது. ஆனால் சுயம்புகனி 'வச்சுக்கிடுதேன்' என்பதை மனசாரச் சொன்னாள், பேராச்சியும் மனசாரக் கொடுத்தாள். அதற்கு மேல் காரணம் எதுவும் யாருக்கும் தெரியாது. ஆனைத்தேரி நிறுத்தம் வந்ததும் பேராச்சி வாத்தியத்தை வாங்கிக்கொண்டாள், ஆம்பை இழுத்துக்கொண்டாள், முன்வாசல் வழியாக இறங்கினாள். பேருந்து புறப்பட்டுப் போன பிறகுதான், ஆம்பைத் தூக்கக் குனிந்தவள் காலி பிஸ்கட் டின்னைத் தூக்கியவள்போல் பின்னால் இரண்டு எட்டு போய் விழப் பார்த்தாள். வாத்தியம் இருந்தது, கம்பிகள் இருந்தன, ஆம்ப் இருந்தது, கனம் மட்டும் இல்லை. அது சுயம்புகனியின் மடியிலேயே உட்கார்ந்து, ஜன்னலோரமாகக் காற்று வாங்கிக்கொண்டு கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டது.

பேராச்சி அதைத் தேடிப் போகவில்லை. பிழை என்றால் அதுதான் பிழை. யாராக இருந்தாலும் போயிருக்க மாட்டார்கள். மறுநாள் காலையில் இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், கண்ணாடியைப் பார்க்காமலே பின்னல் போட்டாள். போட்டதை அவிழ்த்து மறுபடியும் போட்டாள். கடையில் மேல் தட்டு மருந்துகளை ஸ்டூல் இல்லாமல் எடுத்தாள். ஐரின் அக்கா அவளை நிறுத்தி வைத்து அளவு எடுத்து, "என்னட்டி, ரெண்டு தோளும் சமமா நிக்குது, என் கத்திரிக்கோலுக்குக் கூச்சமா இருக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பு. ஆம்பை ஒற்றை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு மேடையேறினாள், வாத்தியத்தை ஒரு துண்டைப்போலத் தோளில் போட்டாள், முதல் பாட்டில் முதல் சுரத்தை அடித்தாள். ஒரு கொசு, அதுவும் கூச்ச சுபாவமுள்ள கொசு, முனகியதுபோல் ஒரு சத்தம் வந்தது. ஆம்பின் திருகுகளை எல்லாம் கடைசிவரை திருகியும் கொசு அளவில்தான் பெரிதாகியது. பாட்டுகள் காலில்லாமல் மேடைக்கு மேலே மிதந்தன. மாப்பிள்ளை வீட்டாரில் ஆட வந்த நாலு பேர், காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

"பேராச்சி, பேஸ் எங்க?" என்றார் ஹென்றி.

"பஸ்ஸுல விட்டுட்டேன் அண்ணாச்சி," என்றாள் அவள். அது உண்மை என்பதால் அவளுக்கு அழுகை வந்தது.

ஹென்றி தன் இடது கையைக் கீழ்க்கட்டைகளுக்கு நகர்த்தினார். கொடைக்கு ஒன்பது நாள் இருந்தது.

இங்கே இப்படி இருக்க, செம்மணல்விளையில் நடந்தது வேறு. கடைசி நிறுத்தத்தில் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்த சுயம்புகனி, கால் மரத்துவிட்டது என்று முதலில் நினைத்து, அப்புறம் மடியைத் தொட்டுப் பார்த்து, "அடப் பாவமே, பிள்ள விட்டுட்டுப் போயிட்டே" என்று சொல்லி, ஒன்றுமில்லாத கைகளை ஒரு பெரிய தூக்கத்துப் பிள்ளையைத் தூக்குவதுபோல் வளைத்து, கனத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். டீக்கடையில், "செத்த நேரம் பிடிங்க, செருப்பை மாட்டிக்கிடுதேன்" என்று எதிரில் வந்தவரிடம் நீட்ட, அவர் என்னவென்று தெரியாமலே வாங்கி, முட்டி மடங்கி, பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார். இரண்டு பேர் பிடித்ததும் அது பணியாரத்தைப் பிட்டதுபோல் வலிக்காமல் இரண்டாகியது. நாலு பேர் பிடித்ததும் நாலாகியது. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஊரில் பாதி வீடுகளுக்கு ஒரு கை கனம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஊர் அதைச் சீக்கிரம் பழகிக்கொண்டது. ரேஷன் கடைத் தராசில் அதை வைத்துப் பார்த்தார்கள், முள் அசையவில்லை. இரும்புக்கு அதைத் தெரியவில்லை, உடம்புக்கு மட்டும்தான் தெரிந்தது. அதனால் யாரும் யாரையும் எடையில் ஏமாற்ற முடியாது என்றானதும் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு மரியாதை வந்தது. காற்றடித்தால் பறந்துவிடுவான் என்று கேலிக்கு ஆளான ஒல்லிக்குச்சி லிங்கதுரை, ஒரு பங்கை வாங்கி இரண்டு முழங்காலிலும் வைத்துக்கொண்டு, தேரிக்காட்டுக் காற்றில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். "பாத்து மச்சான், ரோடு பள்ளமாயிரும்" என்றார்கள். பகல் தூக்கம் இல்லாதவர்கள் நெற்றியில் ஒரு துளி வைத்துக்கொண்டு தூங்கினார்கள். எதற்கெடுத்தாலும் விருட்டென்று எழுந்து போய்விடுகிற ஒரு மாமியாரும் மருமகளும், ஆளுக்கொரு பங்கை மடியில் வாங்கிக்கொண்டதால் எழுந்திருக்கச் சோம்பல்பட்டு, பேச ஆரம்பித்த ஒரு பேச்சை முதல்முறையாகக் கடைசிவரை பேசி முடித்தார்கள். முத்துக்கிளியின் மூன்று மாதக் குழந்தை, தொட்டிலில் போட்டால் வீறிடும், இடுப்பைவிட்டு இறங்காது. அதன் தொட்டில் சேலையில் அவள் ஒரு சிட்டிகை கனம் வைத்தாள். யாரோ மார்போடு அணைத்திருக்கிறார்கள் என்று நம்பி அது தூங்கிப்போனது, முத்துக்கிளி மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சூடாகக் காப்பி குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு அதிசயம் என்று சொல்லும்படி ஒன்று நடந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லோருடைய கனமும் ஒரே நேரத்தில் அதிர்ந்தது. மடியில், முழங்காலில், நெற்றியில், தொட்டிலில், தும், தும்தும், தும் என்று, பூமிக்குள் யாரோ நிதானமாக நடந்து போவதுபோல். யாரும் பயப்படவில்லை, தாளமாக இருந்தது. சிலர் காலைத் தட்டினார்கள். அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க முயன்று, பாட்டுக்குப் பாட்டு சண்டை போட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் அது நின்றபோது, "ப்ச்" என்றது ஊர்.

திங்கட்கிழமை பேராச்சி பதிமூணு பியில் ஏறினாள்.

"எங்க?" என்றார் சிக்கந்தர்.

"போன வாரம் ஒரு சாமான் விட்டுட்டேன் அண்ணாச்சி. ஒரு அக்கா மடியில."

"சுயம்புகனி மடியில. தெரியும். ஊரே வச்சிருக்கு. கடைசி ஸ்டாப் எடு."

சுயம்புகனி முருங்கை மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தாள். பேராச்சியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. தோளைத்தான் பார்த்தாள், முதலில் இடது, அப்புறம் வலது.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. இவ்வளவையும் நீ ஒத்தையிலயா தூக்கிக்கிட்டு இருந்தே?"

பேராச்சிக்கு இதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. டாக்டர் கேட்டது எத்தனை கிலோ என்று, மற்றவர்கள் கேட்டது பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று.

"ஆமாக்கா," என்றாள்.

"எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு."

"நாங்க நூத்திப் பன்னெண்டு பேரு வச்சிருக்கோம். அப்படியும் ராசம்மைக்கு முதுகு பிடிச்சுக்கிட்டு." சுயம்புகனி தன் வெற்று மடியைத் தட்டிக் காட்டினாள். "நேத்து அதிர்ந்துதே, அது நீயா?"

பேராச்சி கொசுவைப் பற்றிச் சொன்னாள், ஹென்றியின் இடது கையைப் பற்றிச் சொன்னாள், முன்வரிசை நாற்காலியைப் பற்றிச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. கனத்தைத் திரும்ப வாங்கினால் வாத்தியம் பேசும், கை போய்விடும். வாங்காவிட்டால் கை பேசும், வாத்தியம் போய்விடும். அதற்குள் சுற்றிக் கூடிவிட்ட கூட்டத்தில் சிலர் தங்கள் பங்கை நீட்டினார்கள், "இந்தா பிள்ள, உன்னுது உனக்கு" என்று. லிங்கதுரைகூட நீட்டினான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. பேராச்சி கையை நீட்டினாள். அவளுடைய இடது தோள் அதற்கு முன்பே தானாக அரை அங்குலம் இறங்கிக்கொண்டது.

சுயம்புகனி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"நீ அங்க அடிச்சா இங்க அதிருதுல்லா? அப்ப நாங்க அங்க வந்தா?"

கூட்டம் தன் மடிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

"கொடைக்கு நாங்க எப்படியும் வரத்தானே செய்வோம்," என்றது.

கொடையன்று மத்தியானம் பதிமூணு பி இரண்டு நடை அடித்தது. நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று குறைய, நூற்றுப் பதினோரு பேர் மஞ்சள் பையும் தண்ணீர்ப் பாட்டிலும் கனமுமாக ஏறினார்கள். நின்றவர்களின் கனத்தை உட்கார்ந்தவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள், இறங்கும்போது யாருடையது யாருடையது என்று தெரியாமல் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டார்கள். சிக்கந்தர் கனத்துக்கு லக்கேஜ் டிக்கெட் போடலாமா என்று சட்டத்தை யோசித்து, டயருக்கே தெரியாத ஒன்றுக்கு டிக்கெட் எதற்கு என்று விட்டுவிட்டு, தானும் ஒரு பங்கைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆறு மணிக்கு வெயில் இறங்க, கோயிலுக்கு முன்னால் மேடையில் குழு உட்கார்ந்தது. ஹென்றியின் இடது கை கீழ்க்கட்டைகளின் மேல் தயாராக இருந்தது. பேராச்சி மைதானத்தைப் பார்த்தாள். செம்மணல்விளைக்காரர்கள் ஒரே இடத்தில் உட்காராமல், சொந்தக்காரர்களையும் நிழலையும் தேடி அங்கங்கே சிதறி, ஆனைத்தேரிக்காரர்களுக்கு நடுவில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு தடித்த கம்பியை ஒருமுறை தட்டினாள்.

மேடையில் கொசு முனகியது. மைதானத்தில், மணலுக்கு அடியிலிருந்து, உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரின் இடுப்பெலும்பு வழியாக அந்தச் சுரம் எழுந்து வந்தது. கடலை விற்றவனின் தட்டில் கடலை குதித்தது, கோயில் மணி யாரும் தொடாமல் மெல்லச் சிணுங்கியது, ஒரு கிழவர் தன் நெஞ்சைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னுது இல்ல, வெளியதான்" என்று சிரித்தார். ஹென்றி தன் இடது கையை எடுத்துத் தொடைமேல் வைத்தார். அந்தக் கை தொடையிலேயே தாளம் போட ஆரம்பித்தது.

பாட்டுக்குப் பாட்டு அது ஏறியது. பேராச்சியின் தோளில் வாத்தியம் ஈரம் காய்ந்த துண்டைப்போல் கிடக்க, விரல்கள் மட்டும் நடந்தன, கால்களும் நடந்தன; பதினோரு வருஷத்தில் அவள் மேடையில் ஆடியதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். செம்மணல்விளைக்காரர் ஒவ்வொருவரும், "இப்ப போச்சே, இது என்கிட்டேருந்து" என்று பக்கத்திலிருந்தவரிடம் பெருமையடித்தார்கள். சொன்னதில் பாதி பொய். பேருந்திலேயே எல்லாம் கலந்துவிட்டிருந்தது.

ஒரே ஒரு குறை. நாலில் ஆகத் தடித்த கம்பியின் மூன்றாவது கட்டத்தில் விரல் வைக்கும்போதெல்லாம் ஒன்றும் வரவில்லை. மாடிப்படியில் ஒரு படி இல்லாததுபோல் எல்லோருக்கும் அந்த இடத்தில் கால் ஒரு கணம் தொங்கியது. தொட்டிலில் ஒரு சிட்டிகை வைத்திருப்பதாகத் திங்கட்கிழமை தன்னிடம் சொல்லியிருந்த முத்துக்கிளியைப் பேராச்சி கூட்டத்தில் தேடினாள், இல்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் முத்துக்கிளி வரவில்லை, அந்தச் சிட்டிகை செம்மணல்விளைத் தொட்டிலிலேயே இருந்தது. கடைசிப் பாட்டு அந்தச் சுரத்தில்தான் போய் நிற்க வேண்டும். பாட்டுக்கு நடுவில் அவள் ஹென்றியின் பக்கம் நகர்ந்து, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு சொன்னாள்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு சுரம் வரல. அதை ஒரு குழந்தை வச்சிருக்கு."

ஹென்றி அவளைப் பார்த்தார். என்ன குழந்தை, ஏன் என்று கேட்கவில்லை.

"எது, மூணாவது கட்டமா? குடு," என்றார். "நான் வச்சுக்கிடுதேன்."

பாட்டு முடிகிற இடத்துக்கு வந்தது. நூற்றுப் பதினோரு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், பேராச்சியின் விரல் மூன்றாவது கட்டத்தில் இறங்கியது, ஹென்றியின் இடது கைச் சுண்டுவிரல் அதே நேரத்தில் ஒரு கட்டையில் இறங்கியது, மைதானம் மொத்தமும் ஒரு பெரிய நாற்காலியில் சாய்ந்ததுபோல் உட்கார்ந்தது. அந்த நொடியில் செம்மணல்விளையில் குழந்தை தூக்கத்தில் சிரித்ததாக முத்துக்கிளி பிறகு சொன்னாள். கச்சேரிக்கு அடுத்த நாள் ஹென்றி இடது சுண்டுவிரலைத் தடவிக்கொண்டு, "லேசா கனமாத்தான் இருக்கு" என்றார். திரும்பக் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் பாலருவிக் குழுவுக்கு எங்கே கச்சேரி என்றாலும் செம்மணல்விளையிலிருந்து முறை வைத்து ஆட்கள் வருகிறார்கள். எல்லோரும் வர முடியாதபோது, வருகிறவர்கள் மற்றவர்களுடையதையும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ராசம்மைக்கு மட்டும் முதுகு காரணமாக விலக்கு; அவள் பலகாரம் கொடுத்தனுப்புகிறாள்.

கொடை முடிந்த மூன்றாம் நாள் காலையில் பேராச்சி ஐரின் அக்காவின் புது ரவிக்கையில், முதுகில் பின்னல் ஆட, திருநெல்வேலி போகிற பதிமூணு பியில் ஏறினாள். அதிசயமாக ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வாத்தியத்தைக் காலிடுக்கில் நிறுத்திக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு பெண் ஏறினாள். நர்ஸ் உடுப்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, தோளில் அப்படியொன்றும் பெரிதில்லாத ஒரு பை. வளைவு திரும்பியபோது அந்தப் பை அவளைக் கீழே இழுத்தது.

"இப்படிக் குடுங்க," என்றாள் பேராச்சி.

"வேண்டாங்க. பாக்கத்தான் சின்னது, கொஞ்சம் கனம்."

"மடி சும்மாதான் இருக்கு. குடுங்க, நான் வச்சுக்கிடுதேன்."

அந்தப் பெண் கொடுத்தாள். பாளையங்கோட்டை வந்ததும் பையை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி இறங்கினாள். இறங்கியவள் நாலு எட்டு நடந்து, சட்டென்று நின்று, தன் இரண்டு தோளையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தாள். பேராச்சி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. சிக்கந்தர் விசில் ஊதினார். பேராச்சி தன் மடியில் இருந்ததை இரண்டு கையாலும் சரியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.